அப்பாயி சொன்ன 14 கதைகள்: ப்ராப்பா, லபோவா, உரையாடல் ஆய்வா, நடையியலா?

போன மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். முதுகலை மொழியியல், இரண்டாம் ஆண்டு. அவளுடைய அப்பாயி சொன்ன 14 கதைகளைக் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருக்கிறாள், மொத்தம் நாலு மணி நேரத்துக்கு மேல் வரும். நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமம், அப்பாயிக்கு எண்பது தாண்டிவிட்டது. "அக்கா, இத வச்சுத்தான் ஆய்வேடு எழுதணும், ஆனா எந்த முறையில பண்றதுன்னே தெரியல. ஒருத்தர் ப்ராப்ங்கிறார், ஒருத்தர் லபோவ்ங்கிறார், வகுப்புல நடத்தினது நடையியல், கம்ப்யூட்டர்ல போட்டா மார்க் நல்லா வரும்னு கூட இருக்கிறவங்க சொல்றாங்க" என்றாள்.

ப்ராப்பும் லபோவும் கதையை ஆராய ஆளுக்கொரு முறை வகுத்த அறிஞர்கள், நடையியல் என்பது எழுத்தின் மொழிநடையை ஆராய்வது. அன்றைக்கு மூன்று மணி நேரம் பேசினோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே குழப்பத்தில் இருக்கிற பலரை எனக்குத் தெரியும். அருமையான பதிவு கையில் இருக்கும், பொருந்தாத முறையைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடம் போய்விடும்.

நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி முறையைப் பற்றியது இல்லை. "14 கதையும் என்ன கதை?" என்று கேட்டேன். பிரித்துப் பார்த்தோம். ஐந்து, "ஒரு ஊர்ல" என்று தொடங்கும் ராஜா ராணிக் கதைகள். இரண்டு, ஊர்ச் சாமி எப்படி வந்தது என்கிற கதை. மீதி ஏழும் அப்பாயியின் சொந்த வாழ்க்கை: 1977 நவம்பர் புயல், கல்யாணத்தன்று தாலிச் செயின் காணாமல் போனது, கிணற்றில் விழுந்த தம்பி, இப்படி. எல்லாவற்றையும் நாம் கதை என்றுதான் சொல்கிறோம், ஆனால் இவை ஒரே சரக்கு இல்லை.

ப்ராப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் கதை ஆய்வு என்றவுடன் முதலில் நீட்டப்படுவது அதுதான். விளாதிமிர் ப்ராப் 1928-இல் லெனின்கிராடில் வெளியிட்ட நூல். அஃபனாசியெவ் தொகுத்த ரஷ்ய மாயக் கதைகளில் 100-ஐ எடுத்துக்கொண்டு, பாத்திரங்கள் யாராக இருந்தாலும் அவர்கள் செய்கிற காரியங்கள் 31-க்குள் அடங்கிவிடுகின்றன, அவை வருகிற வரிசையும் மாறுவதில்லை என்று காட்டினார். எல்லாக் கதையிலும் 31-ம் இருக்காது, ஆனால் இருப்பவை அந்த வரிசையிலேயே வரும். பாத்திர வகை ஏழு. கையில் எடுத்தால் வேலை மளமளவென்று நடக்கும், அட்டவணை போட்டுவிடலாம், ஆய்வேடு பார்க்கவும் கச்சிதமாக இருக்கும். அந்தக் கவர்ச்சியில்தான் நானும் விழுந்தேன். என் ஆய்வில், சொந்த அனுபவம் சொல்லும் பெண்களின் பதிவுகளை இந்த 31-க்குள் அடைக்கப் பார்த்து எட்டு மாதம் போயிற்று. வில்லன் யார், மந்திரப் பொருளைக் கொடுப்பவர் யார் என்று தேடித் தேடி, கடைசியில் ஒரு மாமியாரை வில்லனாகவும் ரேஷன் கார்டை மந்திரப் பொருளாகவும் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பக்கங்களைத் திரும்பப் படித்தபோது, அந்த அம்மா எனக்கு நம்பிச் சொன்னதற்கு நான் அநியாயம் செய்துவிட்டேன் என்றுதான் பட்டது. ப்ராப் மேல் தப்பில்லை. அவர் மாயக் கதைகளுக்கு என்று தெளிவாகச் சொல்லித்தான் செய்தார்.

அப்படியானால் அந்த ஐந்து ராஜா ராணிக் கதைகளுக்குப் பொருந்துமே என்றால், பொருந்தும். இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, ப்ராப்பின் கடைசிச் செயல் கல்யாணம், கதாநாயகன் அரியணை ஏறுவது. ஏ. கே. ராமானுஜன் நம் நாட்டுக் கதைகளைப் பார்த்துவிட்டு, பெண்ணை மையமாகக் கொண்டவற்றில் கல்யாணம் முடிவாக வருவதில்லை, கஷ்டமே அங்கேதான் தொடங்குகிறது என்று எழுதினார். அப்பாயியின் ஐந்தில் மூன்று அந்த ரகம். இரண்டாவது தடைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது: ப்ராப்பின் முறைக்கு மொழியே தேவையில்லை. அப்பாயி சொன்னதை நான் என் நடையில் சுருக்கி எழுதிக் கொடுத்தாலும் அதே அட்டவணைதான் வரும். நாட்டார் வழக்காற்றியல் படிப்பவருக்கு அது பலம், ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு ஒப்பிடலாம். மொழியியல் மாணவிக்கு அது பெரிய இழப்பு, அப்பாயி எப்படிச் சொன்னாள் என்பது முழுக்கக் காணாமல் போய்விடும்.

சரி, லபோவ். வில்லியம் லபோவும் ஜோஷுவா வலெட்ஸ்கியும் 1967-இல் எழுதிய கட்டுரை, பிறகு 1972-இல் லபோவ் அதை விரித்து எழுதினார். நியூயார்க்கில் பேச்சுமொழியைப் பதிவு செய்துகொண்டிருந்தவருக்கு ஒரு தொல்லை இருந்தது. ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்தவுடன் மனிதர்கள் 'ஒழுங்காக'ப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அதை உடைக்க அவர் பிடித்த வழி, 'செத்தோம் என்று நினைத்த நேரம் உங்களுக்கு எப்போதாவது வந்ததுண்டா' என்று கேட்பது. ஆமாம் என்று சொன்னவர் அதை நிரூபிக்கச் சொல்லத் தொடங்குவார், சொல்லச் சொல்லக் கருவி மறந்துவிடும். அப்படிக் கிடைத்த கதைகளைப் பார்த்துத்தான் ஆறு பகுதிகளைச் சொன்னார்: என்ன கதை என்று முன்கூட்டி ஒரு வரி, யார் எங்கே எப்போது என்கிற அறிமுகம், அப்புறம் என்ன ஆச்சு என்கிற சிக்கல், இதை ஏன் சொல்கிறேன் என்கிற மதிப்பீடு, கடைசியில் என்ன ஆனது, பிறகு கேட்பவரை மறுபடி இன்றைக்குக் கொண்டுவந்து விடுகிற பின்னுரை.

அப்பாயியின் புயல் கதையை அன்றைக்கே போட்டுக் கேட்டோம். முதல் வரி, "அந்தப் பொயல்ல நாங்க பொழச்சதே மறுபொறப்பு". முன்சுருக்கம், அப்படியே கண்முன் நிற்கிறது. கடைசி வரி, "இன்னிக்கும் காத்து கொஞ்சம் வேகமா அடிச்சா எனக்குத் தூக்கம் வராது". பின்னுரை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும், "அக்கா, இது பாடத்துல இருக்கிற மாதிரியே இருக்கு" என்றாள்.

ஆனால் இங்கேதான் கொஞ்சம் நிற்கவேண்டும், ஏனென்றால் அந்த ஆறு பெயர்களை ஒட்டிவிட்டு ஆய்வு முடிந்தது என்று நினைப்பதும் ப்ராப் அட்டவணை போடுவதும் ஒன்றுதான். லபோவின் உயிர் அந்த ஆறில் இல்லை, அதற்கு அடியில் இருக்கிற இலக்கணத்தில் இருக்கிறது. அவர் கணக்கில் கதை என்பது, நடந்த வரிசையிலேயே சொல்லப்பட்ட குறைந்தது இரண்டு தொடர்கள். அவற்றின் இடத்தை மாற்றினால் நடந்ததாகப் புரிகிற வரிசையும் மாறவேண்டும். அதோடு ஒரு நிபந்தனை: தனித்து நிற்கும் முதன்மைத் தொடர்தான் இந்தக் கணக்கில் சேரும், இன்னொன்றுக்குக் கீழ்ப்பட்ட துணைத்தொடர் சேராது. ஆங்கிலத்துக்கு அது சரி. இப்போது அப்பாயி சொன்னதைப் பாருங்கள்:

"மாட்ட அவுத்து வுட்டுட்டு, புள்ளையத் தூக்கி இடுப்புல வச்சிக்கிட்டு, பின்வாசல் வழியா எறங்கி, இடுப்பளவு தண்ணியில நடந்து, பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேந்தோம்."

ஐந்து காரியம். வினைமுற்று ஒன்றே ஒன்று, 'சேந்தோம்'. மற்றதெல்லாம் வினையெச்சம். லபோவ் சொன்னதை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் இது ஒரே தொடர், அதாவது இது கதையே இல்லை! உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்த கதை, ஒரு கணக்குப் பிசகால் கதை இல்லை என்று ஆகிவிடும். அதனால் தமிழுக்கு இந்த அலகை நாமே செதுக்கிக்கொள்ள வேண்டும். எப்படி என்றால், லபோவின் சோதனையையே எச்சங்களுக்கு வைத்துப் பார்ப்பது. "பின்வாசல் வழியா எறங்கி, மாட்ட அவுத்து வுட்டுட்டு" என்று இடம் மாற்றினால் நடந்தது மாறிவிடுகிறதா? மாறுகிறது. அப்போது அவை இரண்டும் தனித்தனி கதைத்தொடர்கள். "அழுதுக்கிட்டே நடந்து" என்று வந்தால்? அழுவதும் நடப்பதும் ஒரே நேரம், முன்பின் இல்லை, ஆகவே அது ஒன்றுதான். "போய்ச் சேந்தோம்" என்பதில் 'போய்' தனிக் காரியம் இல்லை. 'வச்சிக்கிட்டு' கொஞ்சம் வம்பு: இடுப்பில் வைத்தது ஒரு செயல், வைத்தபடியே நடந்தது ஒரு நிலை, இரண்டையும் அந்த ஒரு சொல் தாங்குகிறது. இப்படி ஒவ்வொன்றையும் எப்படி எண்ணினோம், ஏன் அப்படி எண்ணினோம் என்று ஒரு அத்தியாயம் எழுதினாலே அது உருப்படியான வேலை.

இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து வந்த இடம். சங்கிலி மாதிரி எச்சம் எச்சமாகக் கோத்துக்கொண்டே வந்த அப்பாயி, ஓரிடத்தில் மட்டும் வெட்டி வெட்டிச் சொல்கிறாள். "கதவு பறந்துச்சு. வெளக்கு அணஞ்சிச்சு. புள்ள கத்துது. எனக்கு ஒண்ணும் தெரியல." ஒவ்வொன்றும் தனி முற்று, 'கத்துது' என்று நிகழ்காலத்துக்கே தாவிவிட்டாள். ஓட்டத்தை எச்சத்தில் சொல்லிவிட்டு உச்சத்தை முற்றில் நிறுத்துகிறாள். எச்சமா முற்றா என்கிற தேர்வே இங்கே மதிப்பீடு. லபோவ் பட்டியலிட்ட மதிப்பீட்டு வழிகளில், நடக்காததைச் சொல்லி நடந்ததன் கனத்தைக் காட்டுவதும் ஒன்று. அதுவும் இருக்கிறது: "அன்னிக்கு மட்டும் மாட்ட அவுக்காம வந்திருந்தா, கட்டுத்தறியிலயே செத்திருக்கும்." ஆனால் முற்றுக்கும் எச்சத்துக்கும் நடுவே இருக்கிற இந்த விளையாட்டு தமிழ் கொடுப்பது. அதை அவர் பட்டியலில் தேடினால் கிடைக்காது, அப்பாயியிடம் கேட்டால்தான் கிடைக்கும்.

இன்னொன்று, 'ஆம்'. ராஜா ராணிக் கதையில் "இருந்தானாம், போனானாம்" என்று வரிக்கு வரி வருகிறது. புயல் கதையில் ஓரிடத்தில் மட்டும்தான்: "கீழத்தெருவுல ரெண்டு பேரு கூரையோட போயிட்டாங்களாம்." தான் பார்த்தது, பிறர் சொல்லிக் கேட்டது என்ற கோட்டை அவள் இலக்கணத்திலேயே கிழித்துவிடுகிறாள். சொந்த அனுபவத்தைச் சொல்வதும் தொலைக்காட்சித் தொடரில் பார்த்ததைத் திருப்பிச் சொல்வதும் எப்படி வேறுபடுகின்றன என்று லபோவே ஒப்பிட்டிருக்கிறார், இரண்டாவதில் மதிப்பீடு வற்றிப்போகிறது என்று. நம் பெண்ணிடம் ஒரே வாயிலிருந்து வந்த ஏழு சொந்தக் கதையும் பிறர் சொல்லிக் கேட்ட ஐந்து ராஜா ராணிக் கதையும் இருக்கின்றன. அந்த ஒப்பீட்டுக்கு இதைவிட நல்ல பொருள் எங்கே கிடைக்கும்?

அடுத்தது உரையாடல் ஆய்வு. ஹார்வி சாக்ஸ், இம்மானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் மூவரும் 1974-இல் எழுதிய கட்டுரையில், பேசுகிற வாய்ப்பு எப்படி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது என்று காட்டினார்கள். இவர்கள் பக்கம் நின்று பார்த்தால் லபோவ் செய்தது பாதி வேலை. அவர் கேட்பவரை வெட்டி எறிந்துவிட்டுச் சொல்பவரின் பேச்சை மட்டும் வைத்துக்கொள்கிறார், கதையோ இருவர் சேர்ந்து செய்வது. ஷெக்லாஃப் 1997-இல் இதை நேராகவே எழுதினார். நமக்கு இது அந்நியமான கருத்தே இல்லை. 'ம்' கொட்டாவிட்டால் எந்தப் பாட்டி கதை சொல்லியிருக்கிறாள்? தூங்கிவிட்டாயா என்று நிறுத்திவிடுவாள். தொல்காப்பியச் செய்யுளியல் 34 உறுப்புகளை எண்ணும்போது கூற்று, கேட்போர், களன், காலம் என்று தனித்தனியாக வைக்கிறது. முன்னம் என்று ஒன்று, இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னாருக்கு உரியது என்பது பற்றி. அங்கே பேசப்படுவது செய்யுள்தான், வாய்ப்பேச்சு இல்லை. என்றாலும் யார் யாரிடம் எங்கே சொன்னார் என்பதைப் பொருளின் பகுதியாகவே பார்க்கிற கண் நமக்குப் பழையது.

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளுக்கு இதை முழு முறையாக நான் சொல்லவில்லை. ஜெஃபர்சன் வகுத்த எழுத்துமுறையில் மௌனத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை அளக்க வேண்டும், இழுப்பு, மூச்சு, மேல்விழுந்த பேச்சு எல்லாம் குறிக்க வேண்டும். சாதாரணமாகச் சொல்லுக்குச் சொல் எழுதவே ஒரு மணி நேரப் பதிவுக்கு எனக்கு எட்டு மணி நேரம் ஆகும். இந்த முறையில் அதைப்போல் பல மடங்கு. அவளுக்கு இருப்பது நாலு மாதம். அதோடு 14-இல் 11 பதிவுகளில் அவளும் அப்பாயியும் மட்டும்தான், அவளோ பதிவு கெட்டுவிடக் கூடாது என்று வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறாள். காணொளி இல்லை. அந்தத் தலையாட்டல் போனது போனதுதான். அம்மாவும் தம்பியும் குறுக்கே பேசுகிற மூன்று பதிவுகளுக்கு மட்டும் இந்த முறை கைகொடுக்கும். "நீ சொல்றது தப்பு, மாடு அன்னிக்கு வாய்க்காத் திட்டுல இல்ல நின்னிச்சு" என்று அம்மா திருத்துகிற இடமெல்லாம் தங்கம்.

இனிமேல் பதிவு செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். உரையாடல் ஆய்வு செய்யும் எண்ணம் இருந்தால் தொடக்கத்திலேயே காணொளி எடுங்கள், ஒலிவாங்கியைச் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் வையுங்கள், வழக்கம்போல 'ம்' கொட்டுங்கள். பலர் ஒரே நிகழ்ச்சியை எப்படிச் சொல்கிறார்கள் என்று ஒப்பிடுவதுதான் நோக்கம் என்றால் மொழியியலாளர் வாலஸ் சேஃப் குழு செய்தது வேறு வழி. 1975-இல் பேச்சே இல்லாத ஆறு நிமிடத் திரைப்படம் ஒன்றை எடுத்து, பேரிக்காய்க் கூடையை ஒரு பையன் திருடிக்கொண்டு போகிற கதை அது, பல மொழிக்காரர்களுக்குப் போட்டுக் காட்டிச் சொல்ல வைத்தார்கள். ஒப்பீட்டுக்கு நல்லது. ஆனால் பேரிக்காய் திருட்டைச் சொல்லும்போது யாருக்கும் தொண்டை அடைக்காது.

நடையியலைப் பற்றி அவள் நிறையக் கேட்டாள், வகுப்பில் நடத்தியது அதுதானே. ஜெஃப்ரி லீச்சும் மிக் ஷார்ட்டும் 1981-இல் எழுதிய நூல் இன்றும் நல்ல கைப்பிடி. பாத்திரத்தின் பேச்சையும் நினைப்பையும் எழுத்தாளர் எந்தெந்த வழியில் தருகிறார் என்று அவர்கள் பிரித்த பிரிவு, அச்சில் வந்த சிறுகதைக்கு அருமையாக உதவும். தமிழில் செய்தால் அதிலும் நம் வேலை தனியாக இருக்கிறது. ஆங்கிலத்தில் நேர்கூற்று அயற்கூற்றாக மாறும்போது பொதுவாகக் காலமும் பின்னுக்குப் போகும், அதை வைத்தே அடையாளம் காணலாம். தமிழில் அது நடப்பதில்லை. "நான் வருவேன் என்று முருகன் சொன்னான்" என்றால் வரப்போவது முருகனா, கதைசொல்லியா? 'தான் வருவதாக' என்று போட்டால் சந்தேகம் போய்விடும். இன்னொன்று பாருங்கள்: "அவள் வாசலிலேயே நின்றாள். நாளைக்கும் அவன் வராவிட்டால்? இந்த வீட்டில் இனி யாரிடம் போய்ச் சொல்வது?" இங்கே 'என்று' என்ற சொல்லே இல்லை, நினைத்தது அவள், எழுதியது ஆசிரியர். 'நாளைக்கு', 'இந்த', அந்தக் கேள்வி, இவற்றை வைத்துத்தான் குரல் யாருடையது என்று பிடிக்க வேண்டும். கதைசொல்லி எழுத்துத் தமிழிலும் பாத்திரம் பேச்சுத் தமிழிலும் பேசுகிற கதைகளில், பேச்சு வடிவம் எந்த இடத்தில் கதைசொல்லியின் வாக்கியத்துக்குள் நுழைகிறது என்று பார்த்தாலே ஒரு நல்ல ஆய்வு கிடைக்கும். சிறுகதை வைத்திருப்பவர்கள் வேறெங்கும் அலையவேண்டாம், இதை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாயிக்கு இது முழு முறையாக வேண்டாம், 'ன்னு' போட்டு அவள் பிறர் பேச்சை எடுத்துச் சொல்லும் இடங்களுக்கு மட்டும் அந்தப் பிரிவைக் கடன் வாங்கலாம்.

கணினி வழி எண்ணிக்கை. சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பதிவுகளுக்கு அது சரிப்படாது. மோஸ்டெல்லர், வாலஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1964-இல், அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து எழுதப்பட்ட கட்டுரைகளில் ஆசிரியர் யார் என்று சர்ச்சையில் இருந்த 12-ஐச் சின்னச் சின்ன இணைப்புச் சொற்களின் எண்ணிக்கையை வைத்து, அந்தக் கட்டுரை ஆசிரியர்களில் ஒருவரான மேடிசன் எழுதியவை என்று காட்டினார்கள். பெரிய சாதனை. ஆனால் அந்தச் சின்னச் சொற்கள் செய்கிற வேலையை நம் மொழியில் பெரும்பாலும் விகுதியும் உருபும் செய்கின்றன, 'வீட்டிலிருந்துதான்' ஒரே சொல். பிரித்துக் கொடுக்காமல் எண்ணினால் எண்ணிக்கைக்குப் பொருளே இல்லை. ஆண்ட்காங்க் மாதிரி சொற்களை எண்ணுகிற இலவச மென்பொருளில் போட்டாலும் உயிர்மெய்க் குறிகளையும் எழுத்தாகக் கொள் என்று அமைப்பில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சொல் நடுவிலேயே உடையும். ஒரு ஆசிரியரின் ஐம்பது, நூறு கதைகள் ஒருங்குறியில் (யூனிகோடு) கையில் இருந்தால் யோசியுங்கள். நாலு மணி நேரப் பேச்சு அதற்குக் காணாது, மார்க் வரும் என்பதற்காக மட்டும் எடுக்கவே வேண்டாம்.

ஆக நான் அவளுக்குச் சொன்னது இது. ஏழு சொந்தக் கதைகளையும் லபோவ் வழியில் எடு, தொடரை எண்ணும் விதியைத் தமிழுக்கு ஏற்ற மாதிரி நீயே எழுதி முதல் அத்தியாயத்தில் வை. ஐந்து ராஜா ராணிக் கதையை 'ஆம்' ஒப்பீட்டுக்கு மட்டும் பயன்படுத்து. குறுக்கே பேச்சு வருகிற மூன்று பதிவில் ஒன்றை, அதுவும் ஐந்து நிமிடத்தை மட்டும், ஜெஃபர்சன் முறையில் எழுதிக் கடைசி அத்தியாயமாக்கு. சாமிக் கதை இரண்டையும் இப்போது தொடாதே, அதில் ஊரின் நம்பிக்கையும் உரிமையும் இருக்கிறது, ஊர்க்காரர்களிடம் கேட்காமல் எழுதக் கூடாது. பதிவைக் கேட்டு எழுதுவதற்கு ஈலான் என்கிற மென்பொருள் போதும், நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் உருவாக்கியது, இலவசம், ஒலியையும் வரியையும் சேர்த்துக் கட்டிவிடலாம். எச்சத்துக்கு ஒரு வரி, முற்றுக்கு ஒரு வரி.

"ரெண்டு முறையக் கலந்தா திட்ட மாட்டாங்களா அக்கா?" என்றாள். ஏன் கலந்தோம் என்று எழுதாமல் கலந்தால்தான் திட்டுவார்கள். எந்தக் கேள்விக்கு எது என்று முன்னுரையில் இரண்டு பத்தி இருந்தால் போதும்.

போகும்போது ஒன்று கேட்டேன், அப்பாயிக்கு இது ஆய்வேட்டில் வரப்போவது தெரியுமா என்று. தெரியாதாம். அதை முதலில் செய்யச் சொன்னேன்: நேரில் போய், புயல் கதையை அவளுக்கே போட்டுக் காட்டி, சம்மதம் கேட்டு, எந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று அவளையே சொல்லச் சொல். அப்படியே "வெளக்கு அணஞ்சிச்சு" என்கிற இடத்தில் நிறுத்தி, ஏன் அப்பாயி இங்க மட்டும் விட்டு விட்டுச் சொன்ன என்று கேள். போன ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்து சொன்னாள். அப்பாயி தன் குரலைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இருட்டுல எப்புடிடீ சேத்துச் சொல்றது, ஒண்ணொண்ணா தட்டுப்பட்டதுதானே" என்றாளாம்.